பச்சை விளக்குக்கு இன்னும் ஆறு நொடி

அன்புள்ள ஐயா,

புத்தாண்டு நெருங்குகிறது. நகரத்து அன்றாட வாழ்க்கை கொஞ்சமாவது மேம்பட நீங்கள் ஆசைப்படுவது எது? மேம்பாலம், மெட்ரோ எல்லாம் அரசின் பட்டியலிலேயே இருக்கின்றன. உங்கள் சொந்த ஆசையைச் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சாலையைக் கடக்க இன்னும் ஆறு நொடி வேண்டும். அவ்வளவுதான்.

பாதசாரிகளுக்குப் பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாலையின் அகலத்தை நடைவேகத்தால் வகுப்பார்கள். பல நாடுகளில் அந்த வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்றே நெடுங்காலம் இருந்தது. நான்கு தடச் சாலை சுமார் 14 மீட்டர். 12 நொடியில் தாண்டிவிடலாம். முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களின் சராசரி நடைவேகம் 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8. அந்த வேகத்தில் நடக்கும் ஒரு பாட்டி, 12ஆவது நொடியில் மூன்றாவது தடத்தில் இருப்பார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பேரன். பக்கத்தில் வண்டிகள் உறுமத் தொடங்கியிருக்கும். ஓடவும் முடியாது, திரும்பவும் முடியாது.

சிங்கப்பூர் 2009இல் இதற்கு ஒரு வழி செய்தது. முதியவர்கள் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால் பச்சை சில நொடிகள் கூடுதலாக எரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயதைக் காட்டி நொடி வாங்குவானேன்? எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் போயிற்று. காலில் கட்டுப் போட்டவருக்கும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருப்பவருக்கும் எந்த அட்டை இருக்கிறது?

போக்குவரத்து தேங்கும் என்பார்கள். பெரிய சந்திப்புகளில் ஒரு சுற்று முடிய ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகிறது. அதில் ஆறு நொடி போனால் கொஞ்சம் தேங்கத்தான் செய்யும். தேங்கட்டுமே. காத்திருப்பவர்கள் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள்!

அப்புறம், ஹாரன் சத்தம் குறைய வேண்டும், பேருந்து நிறுத்தத்தில் நிழல் வேண்டும் என்றெல்லாம் ஆசை உண்டு. அவற்றைக் கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருமுனைச் சிக்னலில் பச்சை எத்தனை நொடி எரிகிறது என்று கைபேசியில் பார்த்து எழுதுங்கள். எத்தனை தடச் சாலை என்பதையும் சேர்த்து.