ஓவியரிடம் கேளுங்கள்

கேள்வி: உங்களை வரையத் தூண்டியது யார்? உங்கள் பாணி எப்படி அமைந்தது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்தான். 1960-களில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, வாசிக்க முடியாத மலையாளச் சாயல் எழுத்து எல்லாம் மொய்த்துக் கிடக்கும். என் அப்பா ஜோசியர். ஓரத்தில் மஞ்சள் தடவிய நோட்டில் சிவப்பு மையால் ராசிக் கட்டம் போடுவார். அதுவும் ஓவியமாகலாம் என்ற தைரியத்தைப் பணிக்கர் தந்தார். இன்றும் கேன்வாஸில் முதலில் கட்டம்தான். பிறகு தண்ணீராகக் கரைத்த அக்ரிலிக் வண்ணம், அதன்மேல் மெல்லிய கருப்புக் கோடு.

1966-ல் அவர் முன்நின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்றுப் பிழைத்தபடியே பலர் வரைந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வரையும் எனக்கு அது பெரிய தெம்பு. சென்னை ஈஞ்சம்பாக்கம் பக்கம் வந்தால், அந்தக் கிராமத்தில் உள்ள அருங்காட்சியகத்தை அவசியம் பாருங்கள்.