கேம்ஷாஃப்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என் கார் 30 வருடப் பழசு. என்ஜினில் டக் டக் என்று சத்தம். ராக்கர் கவரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) தேய்ந்துவிட்டது, இது உருளை இல்லாத தட்டை டேப்பெட் (அந்தத் தண்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு), அதனால் டேப்பெட் செட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்கிறார். "டேப்பெட் நல்லாத்தானே இருக்கு" என்கிறார் மச்சான். கிரெடிட் கார்டில் கேம்ஷாஃப்டுக்கும் கூலிக்கும்தான் லிமிட் மிச்சம். கிளட்ச், ரேடியேட்டர் வேலைக்குத் தேய்த்ததே தீரவில்லை. மாதம் 3% வட்டி. மினிமம் 5% கட்டிவருகிறேன். மகள் படிப்புக்கு 7% வட்டியில் டெபாசிட் இருக்கிறது, அதைத் தொட மனமில்லை.

பதில்: மெக்கானிக் சொல்வதுதான் சரி. தட்டை டேப்பெட்டும் கேமும் உரசி உரசி ஒன்றுக்கொன்று பழகியவை. பழைய டேப்பெட்டைப் புது கேமில் விட்டால் கேம் சீக்கிரமே தேயும். அந்த இரும்புத் துகள் ஆயிலோடு போய் பேரிங்கையும் கெடுக்கும். சந்தேகமிருந்தால் டேப்பெட்டின் அடியில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புதியது நடுவில் துளி மேடாக இருக்கும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் உண்மையான பிரச்சினை டேப்பெட் இல்லை. எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதைக் கார்டில் மிச்சமிருக்கும் லிமிட் முடிவு செய்கிறது, அதுதான். உத்தேசமாக, கேம் 20, டேப்பெட் 15, கூலி 50 என்று வையுங்கள். இன்று 15 மிச்சம் பிடிப்பீர்கள். கேம் போனால் மறுபடி 85.

கார்டு பாக்கி 100 என்றால் இந்த மாதம் நீங்கள் கட்டும் 5-இல் 3 வட்டிக்கே போகிறது. இப்படியே ஒரு வருடம் ஓட்டினால் சுமார் 54 கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் 78-க்கு மேல் நிற்கும், அதுவும் புதிதாக எதுவும் தேய்க்காவிட்டால். வருடத்துக்கு 36% கொடுத்துக்கொண்டு 7% டெபாசிட்டைக் காவல் காப்பதில் மகளுக்கு என்ன லாபம்? டெபாசிட்டை உடையுங்கள். முன்கூட்டியே எடுப்பதற்கு வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். முதலில் கார்டை அடையுங்கள். அப்புறம் மினிமத்துக்குக் கட்டிவந்த தொகையை மாதாமாதம் டெபாசிட்டிலேயே திரும்பப் போடுங்கள்.

காருக்குச் செலவழிக்கும் முன் ஒரு லீக்-டவுன் டெஸ்ட் கேளுங்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். சைலன்சரில் காற்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் நிறைய வந்தால், பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் பிஸ்டன் ரிங். ரிங் போயிருந்தால் கேம், டேப்பெட் என்று மேல்வேலையில் பணம் போடாமல், உள்ளதைச் சொல்லி வந்த விலைக்கு விற்றுவிடுங்கள். ரிங் நன்றாக இருந்தால் கேம், டேப்பெட், இறுகிப்போன வால்வு சீல்கள் எல்லாவற்றையும் ஒரே கூலியில் முடியுங்கள். வால்வு ஸ்பிரிங்கையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

"வட்டியில்லாத் தவணை" என்று யாராவது வந்தால், ரொக்கத்துக்கு எவ்வளவு குறைப்பார்கள், பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும். சத்தத்தை நிறுத்தும் என்று விற்கும் ஆயில் பாட்டிலும் வேண்டாம். தேய்ந்த இரும்பு அதனால் வளராது.

இன்னொரு செலவு இருக்கிறது. புது கேம் போட்டு முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடக்கூடாது. துத்தநாகம் கலந்த ஆயிலில் சுமார் 2,000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். டெபாசிட்டிலிருந்து எடுக்கும்போது அந்த இரண்டாவது ஆயிலுக்கும் சேர்த்தே எடுங்கள்.