வாயு அழுத்தக் கணக்கில் செல்சியஸைப் போட்டால் விடை ஏன் தப்பாகிறது?

செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம்தான், அடிமட்டம் அல்ல. அதற்குக் கீழேயும் 273.15 டிகிரி இருக்கிறது. அதனால் விகிதம் எடுக்கும் முன் 273.15 கூட்டி, அந்த அடிமட்டத்திலிருந்தே எண்ணும் கெல்வினாக்க வேண்டும்.

சென்னை வெயிலில் நிற்கும் பைக் டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்று காலையில் 27 டிகிரி, மதியம் 42. கெல்வினில் 315.15 / 300.15 = 1.05, கொள்ளளவு மாறாவிட்டால் அழுத்தம் 5% கூடும். செல்சியஸிலேயே வகுத்தால் 1.56 வரும். அது நிஜமானால் மவுண்ட் ரோடு முழுக்க டயர் வெடிச்சத்தம்தான்!

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேஜ் காட்டும் 32 பிஎஸ்ஐ, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளது மட்டுமே; அதை நேரே பெருக்காதீர்கள். வெளிக்காற்றின் 14.7-ஐக் கூட்டி, 1.05-ஆல் பெருக்கி, மறுபடி 14.7-ஐக் கழித்தால் 34.3.

வித்தியாசத்துக்கு மட்டும் 273.15 வேண்டாம்: 15 டிகிரி செல்சியஸ் ஏற்றம் என்றால் 15 கெல்வின் ஏற்றம்தான். ஃபாரன்ஹீட்டில் 1.8-ஆல் பெருக்கினால் 27. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டாக மாற்றும்போது கூட்டும் 32-ஐ இங்கே கூட்டக் கூடாது.