வேலி எப்போது போட்டார்கள்?

கேள்வி: எங்கள் காலனியில் 60 குடும்பங்கள் இருக்கிறோம். மூன்று தலைமுறையாகச் சுடுகாட்டுக்குப் போய்வந்த பாதையை, பட்டா நிலம் என்று சொல்லிச் சென்ற ஆண்டு ஆடி மாதம் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். ஊர்த்தெரு டிராக்டர்களுக்கு மட்டும் அந்த வேலியின் படல் திறக்கிறது. இந்த ஐப்பசியில் என் அம்மா இறந்தபோது முழங்கால் சேற்றில், நெல் வயலுக்குள் பாடையைத் தூக்கிச் சென்றோம். ஆட்சியரிடம் 11 முறை மனு கொடுத்தும் பயனில்லை. தீண்டாமையை ஒழிக்க அரசுக்கு உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா? கோட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்திருக்கிறார். போகலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் வழக்கைத் தீர்மானிக்கப்போவது ஒரே சொல்: ஆடி.

பாதை பட்டா நிலத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் வாயால் சொன்னதை நம்பாதீர்கள். எந்த நிலம் எந்த வகை என்று காட்டும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும், நில அளவை வரைபடமான புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் வேலை சுலபம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வேலியை அகற்றச் சொல்லலாம். பட்டா என்றால், நீங்கள் கேட்பது வழி உரிமை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாக 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது. உங்களுக்கு அறுபது ஆண்டு அனுபவம் இருக்கலாம். ஆனால் அந்த அனுபவம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். ஆடியிலிருந்து இந்தக் கார்த்திகை வரை 16 மாதங்கள் போய்விட்டன. மிச்சம் எட்டு. அரசையும் பிரதிவாதியாகச் சேர்த்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவுப்படி முன்கூட்டியே கொடுக்க வேண்டிய அறிவிப்புக்கு இரண்டு மாதம் போகும். சுடுகாட்டுப் பாதை ஊர் வழக்காறு என்று வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவின் கீழும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

அந்த 11 மனுக்களும் இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. அவற்றுக்கு வேறொரு பயன் உண்டு. வேலி போட்டதை ஓராண்டு பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாட முடியாது. ஒப்புகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

இனி ரிட். ‘தீண்டாமையை ஒழிக்க உத்தரவிடுக’ என்று கேட்டால், அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவே அதைச் செய்துவிட்டதே என்பதுதான் பதிலாக வரும். ‘என் மனுவின் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிடுக’ என்பது அதைவிட ஆபத்து. 12 வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும் என்று ஓர் உத்தரவு வரும். வென்றுவிட்டோம் என்று காலனியில் வெடி வெடிப்பார்கள். ஆட்சியர் பரிசீலித்து, முடியாது என்று எழுதிவிட்டால் அந்த உத்தரவு நிறைவேறிவிட்டது. அவமதிப்பு வழக்கும் நிற்காது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்களிடம் அதற்கு நாள் இல்லை.

கேட்க வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டின் 31ஆவது சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்க மாவட்ட ஆட்சியருக்கே அதிகாரம் தருகிறது. சுடுகாடு மட்டுமல்ல, சுடுகாட்டுக்குப் போகும் பாதையும் அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. புல எண், எத்தனை சென்ட், படம் மூன்றையும் வைத்து, ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் 12ஆவது மனுவைக் கொடுங்கள். ரிட் அதன் மேல் நிற்கட்டும்.

2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறுக்கப்பட்டு, சடலத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அதை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அதற்காக உங்கள் ஊருக்கும் நீதிமன்றம் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சுடுகாட்டையும் பாதையையும் மற்றவர்களைப்போலப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். ஆனால் வெறும் நிலத் தகராறு வன்கொடுமை ஆகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வாதத்தை உடைப்பது டிராக்டருக்குத் திறக்கும் படல்தான். தேதியோடு படம் எடுங்கள். தண்டனை கிடைத்தாலும் அதனால் பாதை கிடைத்துவிடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது அந்த அமைதிப் பேச்சுவார்த்தைக்குத்தான். என் கட்சிக்காரர் ஒருவரின் ஊரில் இரவு எட்டு மணிவரை உட்காரவைத்துப் பேசினார்கள். மறுநாள் காலையில் ஓர் அடக்கம் இருந்தது. தட்டச்சு செய்த தாளில் ஏழு பேர் கையெழுத்தும் இரண்டு பேர் கைநாட்டும் வைத்தார்கள். ‘பட்டாதாரரின் அனுமதியுடன் பாதையைப் பயன்படுத்திக்கொள்வோம்’ என்று அதில் ஒரு வரி. நான்கு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் அவர் கையில் அதே தாளைக் கொடுத்து, ‘இது உங்கள் கையெழுத்துதானே?’ என்று கேட்டார்கள். அனுமதியால் நடந்தவனுக்கு உரிமை கிடையாது. அந்த ஒரு சொல்லில் மூன்று தலைமுறை நடந்த பாதை போயிற்று.

பட்டாதாரர் எட்டடிப் பாதை தருகிறேன் என்று வந்தால், பணம் கேட்டாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும், ஊர் நடுவே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வைக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு நடந்ததை எழுதியபோது கை நடுங்கியது என்றீர்கள். அது தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். பத்து ஆண்டு வழக்கைவிடப் பதிவான எட்டடி மேல். ஆனால் அது ஊராட்சியின் பெயருக்குப் பத்திரப் பதிவு ஆக வேண்டும், புலப்படத்தில் உட்பிரிவு ஆக வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பதெல்லாம் வேண்டாம்.

கோட்டாட்சியர் கூட்டத்துக்குப் போங்கள். போகாவிட்டால் ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவார்கள். படிக்கத் தெரிந்த இரண்டு பேர் கூட வரட்டும். ‘அனுமதி’, ‘தற்காலிகமாக’, ‘மனிதாபிமான அடிப்படையில்’ என்ற சொற்களில் ஒன்று இருந்தாலும் கையெழுத்து வேண்டாம். நகலை வாங்கிக்கொண்டு, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.