உள்ளாட்சிகளின் பொது சுகாதாரப் பணிகளை எவ்வாறு வகைப்படுத்தி ஒப்பிடுவது?

கேட்டவர் ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டும் மாணவராக இருப்பார் என்று கருதி, தமிழ்நாட்டில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தரவரிசைப் பட்டியல்களால் நேர்மையாக உழைத்தவர்கள் தலைகுனிய நேர்ந்ததைக் கண்டிருப்பதால், இக்கேள்வியைப் பேசாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

முதலில், ஒரே பெயரில் வழங்கும் பிரிவுகள் ஒரே வேலையைச் செய்வதில்லை. நகராட்சியின் பொது சுகாதாரப் பிரிவு குப்பை அகற்றுவதையும் பிறப்பு, இறப்புப் பதிவையும் சேர்த்தே சுமக்கிறது. கிராமத்திலோ தூய்மைப் பணி ஊராட்சியின் பொறுப்பு. பிறப்பு, இறப்பைக் கிராம நிர்வாக அலுவலர் பதிகிறார். சுகாதார ஆய்வாளரும் கிராம சுகாதார செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சார்ந்து இயங்குகிறார்கள். ஆகவே தலைக்கு எவ்வளவு செலவு என்று இரண்டையும் ஒப்பிட்டால், குப்பை லாரியின் டீசலைத் தடுப்பூசி முகாமின் செலவோடு ஒப்பிட்டதாகவே முடியும்.

பணிகளை மூன்றாகப் பிரிப்பேன். 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்துச் சீர்கேட்டை அகற்றச் செய்வது ஒன்று. காய்ச்சல் நோயாளிகள் போன்று தானாக வந்து சேரும் தகவல்களைப் பதிவது இன்னொன்று. கொசுப்புழு, குடிநீரில் குளோரின் அளவு ஆகியவற்றைத் தேடிப்போய்க் கண்டறிவது மற்றொன்று. இந்த மூன்றாவதில்தான் ஒப்பீடு பெரும்பாலும் பிழையாகிறது. ஏனெனில் எவ்வளவு கவனமாகத் தேடுகிறோமோ அவ்வளவு அதிகமாகக் கிடைக்கும்.

ஒரு டெங்கு பருவத்தில், நூறு வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருக்கிறது என்ற குறியீடு எங்கள் வட்டாரத்தில்தான் அதிகம் என்று ஆய்வுக் கூட்டத்தில் எங்களை எழுப்பி நிற்க வைத்தார்கள். எங்கள் பணியாளர்கள் மேல்நிலைத் தொட்டிமீது ஏறிப் பார்த்தவர்கள்; குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் விடாதவர்கள். பக்கத்து வட்டாரம் வாரந்தோறும் பூஜ்யம் என்று எழுதிப் பாராட்டுப் பெற்றது. இரு வட்டாரப் பணியாளர்களையும் ஒரு வாரம் இடம் மாற்றி அனுப்புமாறு அங்கேயே கேட்டேன். அவ்வாறே அனுப்பியபோது, பூஜ்யம் இருந்த தெருக்களிலும் புழு கிடைத்தது. மேலதிகாரிகளைக் குறை கூறுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கும் மேலிருந்து கேட்டது அந்த ஒற்றை எண்ணைத்தான் என்பதை அறிவேன்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை எட்ட ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே ஏழு நாட்களுக்குள் மீண்டும் பார்க்கப்பட்ட வீடுகள் எத்தனை விழுக்காடு, பூட்டியிருந்ததால் விடுபட்டவை எத்தனை என்று கேளுங்கள். வீடு வீடாகப் போகும் அந்தத் தினக்கூலிப் பணியாளர்களின் கூலி எத்தனை மாதம் நிலுவையில் இருக்கிறது என்பதற்கும் உங்கள் அட்டவணையில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். நான் கண்ட எந்தப் பட்டியலிலும் அது இருந்ததில்லை.