சைக்கிளோடு கொங்கு நாட்டுக்கு: ஆடிக் காற்றும் பார்சல் அலுவலகமும்

கேள்வி: நானும் என் கணவரும் நாற்பதைக் கடந்தவர்கள். ஞாயிறுதோறும் கியர் சைக்கிளில் 30 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறோம். ஆடி மாதம் கிடைக்கும் ஐந்து நாள் விடுப்பில் சத்தியமங்கலம், கோபி பகுதியை எங்கள் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்க ஆசை. ரயிலில் சைக்கிளை நாமாகக் கொண்டுபோவது நடக்காத காரியம் என்றும், அந்தப் பக்கம் ஓட்ட வனத்துறை அனுமதி வேண்டும் என்றும், இரண்டையும் தானே கவனித்துக்கொண்டு திம்பம் மலை வரை கூட்டிப்போவதாகவும் ஒரு பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். தலைக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, சென்னை

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. அவர் சொன்ன முதல் விஷயத்தை நீங்களே ரயில் நிலையத்தில் செய்துகொள்ளலாம். இரண்டாவது விஷயத்தை அவராலும் செய்ய முடியாது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் பார்க்க விரும்பும் வயல்வெளிகள் காட்டுக்குள் இல்லை. பவானி ஆற்றையும் அதன் வாய்க்கால்களையும் ஒட்டிய பொதுச் சாலைகளில்தான் இருக்கின்றன. அங்கே சைக்கிள் ஓட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. காப்புக் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவதற்கு ‘பெர்மிட்’ வாங்கித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். சத்தியமங்கலம் காடு 2013ஆம் ஆண்டிலிருந்து புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதன் வழியே செல்லும் பொதுச் சாலையில் போகலாமே தவிர, சாலையை விட்டு உள்ளே இறங்கத் துறையின் அனுமதி வேண்டும், அந்த அனுமதி தரகர் கையில் இருப்பதில்லை. 2018இல் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களின் உயிரைக் குடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் விதிகள் கடுமையாகி, 2024இல் தமிழக அரசே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. அவையும் வழிகாட்டியுடன் நடப்பதற்கான பாதைகள். சைக்கிளுக்கு உரியவை அல்ல.

திம்பம் சாலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பண்ணாரியிலிருந்து மேலேறும் அந்தச் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கர்நாடகத்துக்குப் போகும் சரக்கு லாரிகள் ஒவ்வொரு வளைவிலும் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். யானை குறுக்கே வந்தால் காரில் இருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருப்பார், நீங்கள் என்ன செய்வீர்கள்? 2022 முதல் நீதிமன்ற உத்தரவின்படி அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. வண்டியில் போங்கள், பகலில் போங்கள்; சைக்கிளில் போகவே வேண்டாம்.

இனி ரயில். பயணம் கெடுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சைக்கிளைப் பயணிகள் பெட்டியில் ஏற்ற முடியாது. கார்டு பெட்டியை ஒட்டிய சரக்கு அறையில்தான் அது போகும். அதை இரண்டு விதமாகப் பதியலாம். உங்கள் பயணச்சீட்டைக் காட்டி, நீங்கள் போகும் அதே ரயிலில் உங்களோடு வருமாறு பதிவது ‘லக்கேஜ்’. பயணச்சீட்டே இல்லாமல், இடம் இருக்கும் ஏதோ ஒரு ரயிலில் அனுப்புவது ‘பார்சல்’. இரண்டையும் பதிவது பார்சல் அலுவலகத்தில்தான் என்பதால் பலருக்கும் வேறுபாடு தெரிவதில்லை, அந்த அறியாமையைத்தான் வாசலில் நிற்கும் முகவர்கள் காசாக்குகிறார்கள். “நான் பார்த்துக்கறேன் சார், நீங்க போய் உட்காருங்க” என்று கட்டணத்தைப்போல் மும்மடங்கு வாங்கிக்கொண்டு, பார்சலாகப் பதிந்துவிடுவார்கள். நீங்கள் விடிகாலையில் இறங்கி நிற்பீர்கள். சைக்கிள் இரண்டு நாள் கழித்து வரும். முன்னதாகவே வந்து, நீங்கள் எடுக்கத் தாமதமானாலோ, கிடங்குக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். ஆகவே, எழுத்தரிடம் நேரே சென்று, “லக்கேஜாகப் போட வேண்டும், இதே ரயிலில் வர வேண்டும்” என்று சொல்லி, பயணச்சீட்டின் நகலையும் அடையாள அட்டையின் நகலையும் கொடுத்து, ரசீதை உங்கள் கையில் வாங்குங்கள். இலவசச் சுமை அளவில் சைக்கிள் சேராது. அதற்குத் தனியே கட்டணம் உண்டு. அது மிகையான தொகையன்று. ரசீதை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். இறங்கும் ஊரில் அதைக் காட்டுபவருக்குத்தான் சைக்கிள் தரப்படும்.

கட்டுவதற்கும் முகவர் வேண்டாம். பெடல்கள், விளக்கு, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தின் ஓரம் தொங்கும் கியர் மாற்றி, சைக்கிளிலேயே மிக எளிதில் வளையக்கூடிய உறுப்பு. சங்கிலியை உள்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்துக்குத் தள்ளினால் அந்த உறுப்பு சட்டத்துக்குள் ஒடுங்கும். அதன்மேல் பழைய சாக்கை மூன்று மடிப்பாகச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டுங்கள். பெயர், கைப்பேசி எண், ஏறும் ஊர், இறங்கும் ஊர் நான்கையும் அட்டையில் எழுதி இரண்டு இடங்களில் கட்டுங்கள். ஒன்று பிய்ந்தாலும் மற்றொன்று இருக்கும்.

எந்த ரயில் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வழியில் இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் சைக்கிளை இறக்க எவருக்கும் பொறுமை இராது, அது அடுத்த ஊருக்குப் போய்விடும். எனவே முடியும் இடத்தில் இறக்குங்கள், புறப்படும் இடத்தில் ஏற்றுங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தோடு முடிகிறது. திரும்பும்போது ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டிலேயே புறப்படுகிறது. இரண்டும் இரவு ரயில்கள், இரண்டிலும் ஏற்றி இறக்க அவகாசம் உண்டு. அந்த ரயிலில் அந்த ஊருக்கு லக்கேஜ் பதிகிறார்களா என்பதை முந்தைய நாளே நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மடக்கு சைக்கிள் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். அதற்குப் பதில் ‘ஆம், ஆனால்’ என்பதுதான். பெட்டிக்குள் கொண்டுபோகும் சுமைக்கு ரயில்வே வைத்துள்ள அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. கனம். 20 அங்குலச் சக்கரமுள்ள மடக்கு சைக்கிளை மடித்தால் நீளம் அடங்கிவிடும். கனம் பெரும்பாலும் 25ஐத் தாண்டும். மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஏ.சி. இருக்கைப் பெட்டியிலும் அளவு இன்னும் சிறியது, 55, 45, 22.5 செ.மீ.; அதில் எந்த மடக்கு சைக்கிளும் அடங்காது. 16 அங்குலச் சக்கரமுள்ள சிறிய வகை, உறையிட்டுத் தூங்கும் வகுப்பின் கீழ்ப்படுக்கைக்கு அடியில் தள்ளினால், எவரும் கேட்காமல் போகக்கூடும். கேட்டால் விதி உங்கள் பக்கம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சக்கரங்களைக் கழற்றிய சாதாரண சைக்கிளைப் பையில் போட்டு ‘இதுவும் மடக்கு சைக்கிள்தான்’ என்று வாதாடுவோர் உண்டு. அளவுநாடாவின் முன் அந்த வாதம் நிற்காது. ஆகவே ஏற்கெனவே சிறிய மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர் தவிர மற்றவர்களுக்கு இந்த விதிவிலக்கால் பயனில்லை. இதற்காகப் புதிதாக ஒன்று வாங்காதீர்கள்.

இவ்வளவும் எழுத வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். ஏழை எளியவரின் வாகனம் என்று மேடைதோறும் சைக்கிளைப் புகழ்கிறோம். அதை ரயிலில் ஏற்ற, மூன்று படிவமும் இரண்டு நகலும் ஒரு முகவரும் வேண்டியிருக்கிறது. நகல் எடுக்கும் கடை திறக்கும் முன்பே ரயில் புறப்பட்டுவிடும் நிலையத்தில், நகல் இல்லை என்று பயணியைத் திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சரக்கு அறையில் சைக்கிளை நிறுத்த நான்கு கொக்கிகள் அடிப்பதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

வழிக்கு வருகிறேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கொங்கு நாட்டில் சைக்கிள் ஓட்டுபவர் அதைத் தொடையில் உணர்வார். மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒரே பெரிய திறப்பின் வழியே உள்ளே பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு நோக்கி ஓட்டினால், உங்களைப் போன்ற பழக்கம் உள்ளவர்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் போவதே பெரும்பாடு. ஆகவே ஆடியில் மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டுங்கள். பவானி ஆறும் கிழக்கு நோக்கித்தான் ஓடுகிறது. காற்றும் முதுகில், நிலத்தின் சரிவும் உங்கள் பக்கம். ஏற்பாட்டாளரின் திட்டத்தில் ஈரோட்டிலிருந்து மேற்கே போவதாக இருந்தால், அவர் இந்த மண்ணில் சைக்கிள் ஓட்டியதே இல்லை.

முதல் நாள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, சிறுமுகை, புன்செய்புளியம்பட்டி வழியாகப் பவானிசாகர். சுமார் 40 கிலோமீட்டர். புளியம்பட்டியில் வியாழக்கிழமை மாட்டுச்சந்தை கூடும். அன்று சாலை முழுவதும் மாட்டு வண்டிகளும் மினி லாரிகளும் நிற்கும் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். பவானிசாகர் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட மண் அணை. அதைச் சுற்றியுள்ள பகுதி காட்டின் விளிம்பு. வெயில் இறங்கும் முன்பே அறைக்குள் இருங்கள், மறுநாள் நன்றாக விடிந்த பின் புறப்படுங்கள்.

இரண்டாம் நாள் சத்தியமங்கலம் தாண்டிக் கொடிவேரி வழியாகக் கோபி. உங்கள் பயணத்தின் உயிர் இந்தப் பகுதிதான். கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் நெல்வயலையும் கரும்பையும் வாழையையும் வளர்க்கின்றன. பெருஞ்சாலையை விட்டு வாய்க்கால் மேட்டு வழியில் இறங்கிவிடுங்கள். “அண்ணா, வாய்க்கால் மேட்டுலயே கோபி போகலாமுங்களா?” என்று வயலில் நிற்பவரைக் கேட்டால், கைப்பேசி வரைபடத்தில் இல்லாத பாலத்தையும் காட்டுவார். அரசு ஒரு வழிகாட்டிப் பலகையாவது வைக்கக் கூடாதா என்று நீங்களும் என்னைப்போல் கேட்பீர்கள். கீழ்பவானி வாய்க்கால் இதைவிடப் பெரியது, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடையது. ஆனால் அதில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில்தான் தண்ணீர் திறப்பார்கள். உங்கள் பயணத்தின்போது அது வறண்டு கிடக்கும், அதற்காக அலைய வேண்டாம். தண்ணீர் ஓடும் வாய்க்கால் எதிலும் இறங்கிக் குளிக்காதீர்கள். கரை செங்குத்து, ஓட்டம் வேகம், பிடிக்க எதுவும் இராது.

மூன்றாம் நாள் கோபியிலிருந்து கவுந்தப்பாடி வழியாகப் பவானி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகும் ஊர் கவுந்தப்பாடி. கரும்பு ஆலையாடும் நாளாக இருந்தால் பாகு காயும் மணம் சாலை வரை வரும். ஆடிப்பெருக்கு நாளிலும் ஆடி அமாவாசையிலும் மட்டும் பவானிக்குள் நுழையாதீர்கள். ஆறுகள் கலக்கும் கூடுதுறைக்கு நீராட வரும் கூட்டத்தில் சைக்கிளை உருட்டக்கூட இடம் இராது. நான்காம் நாள் காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டி ஈரோடு. 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் அது, பாம்புபோல் வளைந்து வளைந்து போகும். அதனால் அருகிலுள்ள வழியிலும் வண்டிகள் விரைவதில்லை. ஈரோட்டை நெருங்கும்போது சாயக் கழிவும் தோல் கழிவும் கலந்த நாற்றம் வரும். அத்தனை நூற்றாண்டு காத்த நீரை நாம் இரண்டு தலைமுறையில் கெடுத்துவிட்டோம். ஐந்தாம் நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்; மழைக்கோ முழங்கால் வலிக்கோ அது தேவைப்படும்.

கடைசியாக முள். இட்டேரி எனப்படும் வேலி நடுவிலான மண்வழிகளில் கிளுவை முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உதிர்ந்து கிடக்கும். பஞ்சரானால் டியூபை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். டயரின் உட்புறத்தில் துணியை மெதுவாக இழுத்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். துணி மாட்டும் இடத்தில் முள்ளின் முனை இருக்கும். வெளியே அது தெரியாது, உள்ளே நகக்கண் அளவே நீட்டிக்கொண்டிருக்கும். அதை இடுக்கியால் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். டியூபில் காற்றடிக்கும் வாயில் (வால்வு) பழைய சைக்கிள் வகையும் மோட்டார் சைக்கிள் வகையும்தான் கிராமத்துப் பஞ்சர் கடையில் பழக்கம். உங்கள் சைக்கிளில் மெல்லிய ‘பிரெஸ்டா’ வகை வாய் இருந்தால், அதைச் சாதாரணக் காற்றுப் பம்புக்குப் பொருத்தும் சிறு பித்தளை மாற்றியையும் தலைக்கு இரண்டு டியூபையும் ஒரு கைப்பம்பையும் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.