வேதாரண்யத்துக் கடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புயல் கரை கடந்தபோது எங்கள் கிழக்குக் கரையில் கடல் உள்வாங்கியது. சுனாமி என்று ஓடினோம். அது என்ன?

ஓடியதில் தப்பில்லை. ஆனால் அது காற்றின் வேலை. நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மேற்கே நகரும் புயலின் வடக்குப் பக்கம் காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்து, தண்ணீரை ஊருக்குள் தள்ளும். தெற்குப் பக்கம் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், தண்ணீர் விலகும். புயல் உங்களுக்கு வடக்கே கடந்தால் கடல் உள்வாங்கத்தான் செய்யும்.

வேதாரண்யத்தில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே மடிகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. புயல் உள்ளே போனதும் காற்று தென்மேற்காகவும் தெற்காகவும் திரும்பும். அப்போது பாக் நீரிணைத் தண்ணீர் சதுப்பு நிலம், உப்பளம் பக்கம் ஏறும். ஆழமில்லாத கடல் என்பதால் கொஞ்சம் தள்ளினாலே மட்டம் உயர்ந்துவிடும். கோடியக்கரையில் மிக உயரமான இடமான இராமர் பாதமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்தான். ஆகவே கடல் விலகிவிட்டதே என்று படகைப் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பெரிய புயல் வரும்?

அப்படிக் கணக்கு கிடையாது. நாகை கரையை உலுக்கியவற்றில் மூன்றைப் பாருங்கள்: 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16 (கஜா). இடைவெளி 25 வருஷம், பிறகு 41. மாதம் மட்டும் மாறவில்லை. 1977இல் நாகைப் புயலுக்குப் பிறகு ஒரே வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திராவின் திவிசீமையில் இன்னொரு புயல் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அங்கே கொன்றது காற்றைவிட ஊருக்குள் புகுந்த கடல்நீர்தான். எல்லோரும் காற்றின் வேகத்தையே கேட்கிறார்கள். எனக்குத் தண்ணீரின் மேல்தான் பயம்.

2004 சுனாமியில் வேளாங்கண்ணியும் நாகையும் பட்ட பாடு எங்களுக்கு இல்லை. எங்கள் ஊர்க் கோயிலின் மறைக்காட்டு ஈசன்தான் காப்பாற்றினார் என்கிறார் அப்பா.

அப்பாவோடு வாதிட நான் வரவில்லை. கூடவே மணல்மேடுகளுக்கும் ஒரு கும்பிடு போடச் சொல்லுங்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே மேடு இருந்த இடத்தில் அலை வேகம் இழந்தது. மேடு இல்லாத இடத்திலும் முகத்துவாரத்திலும் தாராளமாக உள்ளே வந்தது. ஆனால் முழுசாகத் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. கோடியக்கரையில் மிச்சமிருந்த சோழர் காலக் கலங்கரை விளக்கம் அன்றுதான் விழுந்தது. நாகை மாவட்டம் முழுக்க 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மணல் அள்ளுவோரை இன்னும் வேடிக்கை பார்க்கிறோமே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

அதற்கு முன் இங்கே சுனாமி வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலை, நாகப்பட்டினத்தில் கடல் மட்டம் அளக்கும் கருவியில் ஒரு மீட்டருக்கு மேல் பதிவானது. பெரிய சேதம் இல்லாததால் ஊர் மறந்துவிட்டது. 2004இல் சுமத்ரா அருகே காலை 6.28க்கு நிலம் அதிர்ந்து, அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தத்தான் 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

துறைமுகத்தில் 7ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றால் 70 கி.மீ. காற்றா?

இல்லை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 7, 10 இரண்டும் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்று பொருள். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

கஜாவில் தென்னை எல்லாம் சாய்ந்தது, பனை நின்றது. ஏன்?

தென்னைக்குத் தலைக்கனம் அதிகம்: பரந்த மட்டை, கனமான குலை, மேலோட்டமான வேர். பனைக்கு இறுகிய தண்டு, சின்னக் கொண்டை. (கஜா என்றால் யானை, பெயர் வைத்தது இலங்கை. தோப்புக்குள் வந்தது நிஜமாகவே யானைதான்.) கரையோரம் பனை விதையுங்கள். இருக்கும் தென்னையில், புயல் அறிவிப்பு வந்ததுமே முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கிவிடுங்கள். காற்று தொடங்கிய பிறகு யாரையும் மரம் ஏற்றாதீர்கள்.